குறட்டைக்கு வாய்க்கருவி வாங்கப் போகிறீர்களா? பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

கோலாலம்பூரிலும் சுற்றுவட்டாரத்திலும் முகநூல் வழியாக ஒரு விற்பனை நடக்கிறது. "மாஸ்க் வேண்டாம், மெஷின் வேண்டாம், வாயில் மாட்டிக்கொண்டு படுத்தால் போதும்" என்று விளம்பரம். புலனத்தில் கேட்டால், குறட்டையைக் கைப்பேசியில் பதிவு செய்து அனுப்பச் சொல்கிறார்கள். பிறகு கூரியரில் அச்செடுக்கும் மாவு வருகிறது. நீங்களே அதைக் கடித்துத் திருப்பி அனுப்ப வேண்டும். முழுப் பணமும் முன்கூட்டியே.

செந்தூலில் லோரி ஓட்டும் ஒருவர் இப்படி 2,800 ரிங்கிட் கொடுத்திருக்கிறார். குறட்டை குறைந்தது உண்மை. ஆனால் காலையில் தாடை வலி, பல் கடிமானம் மாறிப்போனது, ஸ்டியரிங் பிடிக்கும்போது கண் சொக்குவது மட்டும் நிற்கவே இல்லை. கேட்டதற்கு "பழகப் பழகச் சரியாகிவிடும்" என்று பதில். அப்புறம் எண்ணையே தடுத்துவிட்டார்கள்.

அவருக்கு வந்த கருவியைக் கையில் எடுத்தாலே கோளாறு தெரிகிறது. மேல்தட்டும் கீழ்த்தட்டும் அசையாமல் ஒட்டிய ஒரே கட்டி. தாடையை முன்னால் இழுக்கும் அளவைக் கூட்டிக் குறைக்க ஸ்க்ரூவும் இல்லை, பக்கப் பட்டையும் இல்லை. கீழ் முன்பற்களின் உள்பக்கம் ஓரத்தைத் தேய்த்து மழிக்காததால், அது பட்ட இடத்தில் ஈறு கோடு போட்டதுபோல் சிவந்திருந்தது. பெட்டியில் 'எஃப்டிஏ அங்கீகாரம்', அதாவது அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் ஒப்புதல், என்று அச்சடித்திருக்கிறது. பதிவு எண்ணும் இல்லை, தயாரித்தவர் பெயரும் இல்லை.

இந்தக் கருவி செய்யும் வேலை ஒன்றுதான்: கீழ்த்தாடையை முன்னால் இழுத்துப் பிடித்து, நாக்கும் தொண்டைச் சதையும் பின்னால் சரிந்து மூச்சுக்குழாயை அடைக்காமல் பார்த்துக்கொள்வது. எவ்வளவு இழுப்பது என்பதில்தான் சிகிச்சையே இருக்கிறது. பல் மருத்துவர் ஜார்ஜ் கேஜ் போன்ற அளவுகோலைக் கடிக்க வைத்து, தாடை முழுக்கப் பின்னால் போகும் இடத்திலிருந்து முழுக்க முன்னால் வரும் இடம்வரை அளப்பார். அது 10 மி.மீ. என்றால், பொதுவாக 5 முதல் 7 மி.மீ.க்குள் தொடங்குவார். பிறகு அரை அல்லது ஒரு மி.மீ.யாக, தாடை பழகப் பழக, வாரக்கணக்கில் ஸ்க்ரூவைத் திருகிக் கூட்டுவது. கூரியர் மாவில் பல்லின் வடிவம் பதியுமே தவிர, இந்த அளவு கிடைக்காது. அதனால் முன்பற்கள் நுனியோடு நுனி சேரும்படி இரண்டு தட்டையும் ஒட்டி அனுப்பிவிடுகிறார்கள். மேல்பல் 2 மி.மீ. மட்டும் முன்தள்ளியவருக்கு அது போதாமல் போகலாம். 7 மி.மீ. முன்தள்ளியவருக்கோ முதல் இரவே தாடை மூட்டின் எல்லைவரை இழுபடலாம்.

இதைவிடப் பெரிய ஆபத்து, தூக்கப் பரிசோதனையே இல்லாமல் விற்பது. குறட்டைக்குப் பின்னால், தூக்கத்தில் மூச்சு நின்று நின்று போகும் நோய் (ஸ்லீப் ஆப்னியா) இருக்கலாம். மூச்சு ஒரு மணி நேரத்துக்கு எத்தனை முறை நிற்கிறது அல்லது குறைகிறது என்பதே ஏஎச்ஐ. 5 முதல் 15 வரை லேசானது, 30வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமையானது. கடுமையாக இருந்தால் முதலில், மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்தி மூச்சுக்குழாயைத் திறந்து வைக்கும் சிபேப் மெஷின்தான். அதைத் தாங்க முடியாதவர்களுக்கே வாய்க்கருவி. மூளையிலிருந்து மூச்சுக்கான கட்டளை வராத சென்ட்ரல் வகைக்கு இது உதவாது. கைப்பேசியில் பதிவான குறட்டைச் சத்தம் இதில் எதையும் சொல்லாது. குறட்டை அடங்கிய பின்னும் மூச்சு நிற்பது தொடரலாம், ஆக்சிஜன் இறங்கலாம். அதனால் அளவு சரியானதும் கருவியை மாட்டிக்கொண்டே மறுபடி ஒரு இரவு பரிசோதனை செய்தாக வேண்டும். அமெரிக்கத் தூக்க மருத்துவ அமைப்புகளின் 2015 வழிகாட்டுதலும் இதைத்தான் சொல்கிறது: அளவெடுத்துச் செய்த, கூட்டிக் குறைக்கக்கூடிய கருவி, தகுதியுள்ள பல் மருத்துவர், பிறகு மறுபரிசோதனை.

ஈறு நோயால் ஆடும் பற்கள், தாடை மூட்டு வலி, கருவியைப் பிடித்து நிறுத்தப் போதிய பல் இல்லாதது (ஒவ்வொரு தாடையிலும் குறைந்தது எட்டுப் பற்கள் இருப்பது நல்லது) இவற்றையெல்லாம் வாயைத் திறந்து பார்க்காமல் யாரும் சொல்ல முடியாது. ஆரம்பத்தில் எச்சில் ஊறுவதும் காலையில் தாடை இறுகுவதும் சகஜம். காலையில் கழற்றியதும் தாடையைப் பழைய இடத்துக்குக் கொண்டுவர சிறு கடிப்பானும் பயிற்சியும் தர வேண்டும். பகலாகியும் கடைவாய்ப் பற்கள் ஒன்றோடொன்று சேராவிட்டால் கருவியை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

பணம் கட்டும் முன், அச்செடுப்பவரின் பெயரை மலேசிய பல் மருத்துவ மன்றத்தின் பதிவேட்டில் தேடுங்கள். அந்த ஆண்டுக்கான தொழில் சான்றிதழையும் கேளுங்கள். ஆயத்தக் கருவியாக இருந்தால் மருத்துவச் சாதன ஆணையத்தின் பதிவு எண்ணைக் கேளுங்கள். 2012ஆம் ஆண்டுச் சட்டப்படி மலேசியாவில் அதுதான் செல்லும், அமெரிக்க எஃப்டிஏ பெயர் அல்ல. தூக்கப் பரிசோதனைக்கு அரசாங்கக் கிளினிக்கில் பரிந்துரைக் கடிதம் வாங்கி மருத்துவமனைக்குப் போகலாம். காத்திருக்க நேரும், ஆனால் செலவு குறைவு.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் பெட்டி, ரசீது, புலன உரையாடல் எதையும் அழிக்காதீர்கள். வியாபாரியிடம் பொருளாக வாங்கியிருந்தால் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 5 ரிங்கிட் கட்டி, 50,000 ரிங்கிட்வரை கோரலாம், வழக்கறிஞர் தேவையில்லை. பதிவு பெற்ற பல் மருத்துவர் மீதான புகார் பல் மருத்துவ மன்றத்துக்குப் போக வேண்டும். சிபேப் வைத்திருந்து இந்தக் கருவிக்காக ஓரங்கட்டியவர்கள், மறுபரிசோதனை முடியும்வரை இன்றிரவே அதை மறுபடி மாட்டிக்கொள்ளுங்கள்.