கொல்லைப் பந்தலில் பட்டை அவரை: பல வருட அனுபவம்

போன வாரம் அவரைப் பந்தலின் மூங்கில் கால் ஒன்று உளுத்துப்போய்ச் சாய்ந்துவிட்டது. ஆள் கூலி, கம்பி, புது மூங்கில் எல்லாம் சேர்த்துக் கொடுத்த காசுக்கு இரண்டு வருடம் சந்தையிலேயே அவரைக்காய் வாங்கிச் சாப்பிட்டிருக்கலாம். அந்த எரிச்சலோடுதான் எழுதுகிறேன். வார்த்தை கொஞ்சம் காரமாக இருந்தால் கழித்துக்கொள்ளுங்கள்.

எங்களுடையது நாட்டு ரகம். ஊதா விளிம்பு ஓடும் அகலக் காய், ஊதாப் பூ, முற்றின விதையின் ஓரத்தில் பளிச்சென்று ஒரு வெள்ளைக் கீற்று. அத்தை ஊரிலிருந்து முந்தானை முடிச்சில் வந்த விதை, அதற்கப்புறம் கடையில் விதை வாங்கியதே இல்லை. அவரை பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே காய் பிடிப்பதால் ரகமும் அதிகம் மாறவில்லை. ஆடியில் ஊன்றுவது, குழிக்கு மட்கிய சாணம் போடுவது எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான்.

அவரை இலையாகவே போகிறது, பூக்கவில்லை என்று புலம்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நாட்டுக் கொடி அவரைக்குப் பகல் பொழுது குறைய வேண்டும். சித்திரையில் ஊன்றினாலும் அது கார்த்திகைப் பக்கம்தான் மனசு வைக்கும். நடுவில் சாணமும் புண்ணாக்கும் கொட்டினால் இலைதான் இன்னும் தடிக்கும். தினை அறுத்த தாளில் அவரை பூப்பதைப் பனிக்காலத்தோடு சேர்த்துச் சங்கப் பாட்டிலேயே சொல்லிவிட்டார்கள். காத்திருப்பதில் எனக்கு வருத்தமில்லை. பூக்கிற சமயம் பார்த்து வந்து உட்காருகிறதே அசுவினிப் பூச்சி, அதுதான் என் பிரச்சினை.

எங்கிருந்து வருகிறது என்றே தெரியாது. நேற்றுப் பச்சையாக இருந்த பூங்காம்பு இன்று நுனிவரை கருப்பாக இருக்கும். கிட்டப் போய்ப் பார்த்தால் வளர்ந்தது எண்ணெய் தடவின மாதிரி மின்னும், குஞ்சுகள் சாம்பல் படிந்து மங்கலாக இருக்கும். ஆண் துணை இல்லாமலே குட்டி போடும் பூச்சி, பிறந்த குட்டியும் சில நாளில் போட ஆரம்பித்துவிடும். கட்டைவிரலால் காம்பை உருவிவிட்டால் விரலெல்லாம் பிசுபிசு. கீழ் இலையில் அந்தத் தேன் சொட்டி, அதன்மேல் கரும்பூசணம் படர்ந்து, கொடியே அடுப்படிச் சுவர் மாதிரி ஆகிவிடும்.

இதற்குக் காவல் எறும்பு. அசுவினி கழிக்கும் இனிப்புக்காக எறும்புகள் அதை மேய்க்கின்றன, தின்ன வரும் பொறிவண்டையும் விரட்டுகின்றன. ஆகவே எறும்பைத் தடுத்தால் பாதி வேலை முடிந்தது என்று பந்தல் காலில் கிரீஸ் தடவுவேன். நன்றாகவே வேலை செய்யும். ஆனால் கொடி சும்மா இருக்குமா? ஒரு நுனியை மதில்மேல் போடும், இன்னொன்றை முருங்கைக் கிளையில் சுற்றும். எறும்புக்குப் பாலம் ரெடி. வெட்டிவிட்டால் மறுவாரம் வேறு பக்கம் பாலம். இந்தக் கொடி யார் கட்சி என்றே எனக்குப் புரியவில்லை.

மருந்து விஷயத்தில் நான் கண்டது இது. முதலில் குழாய்த் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி உதிர்க்க வேண்டும். அப்புறம் லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கரைய கொஞ்சம் காதி சோப்பு, சாயங்காலத்தில் இலையின் அடிப்பக்கம் படும்படி தெளிக்க வேண்டும். ஒரு தடவையோடு நிற்காது, வாரா வாரம். கடை விஷம் அடிப்பதில்லை. பூவுக்கு வண்டும் தேனீயும் வருகின்றன, காயை நாமே தின்கிறோம். இன்னொன்று, காம்பில் கருப்பும் ஆரஞ்சுமாக முள் முள்ளாக ஊரும் புழுவைப் பார்த்தால் நசுக்காதீர்கள், பெரும்பாலும் அது பொறிவண்டின் குஞ்சு. உங்களைவிட வேகமாக அசுவினியைத் தின்கிறது.

அசுவினி ஒருவாறு அடங்கி மார்கழி பிறந்தால் காய்ப்பு ஓயாது. பறிக்கும்போது கொத்தோடு ஒடிக்காமல் காயை மட்டும் கிள்ளினால் அதே காம்பு மறுபடி மறுபடி பூக்கும். காலையில் பனியோடு பறித்த பிஞ்சுக்கு நார்கூட உரிக்க வேண்டாம். சின்ன வெங்காயம், காய்ந்த மிளகாய் தாளித்து, தேங்காய் தூவி இறக்கினால் போதும். நறுக்கும்போது வரும் அந்தப் பச்சை வாசனை சந்தைக் காயில் கிடையாது. முற்றினதைப் பருப்பாக உரித்துக் குழம்பில் போடலாம், மொச்சையும் இதே இனம்தானே. காய்ந்த விதையை மட்டும் ஊறவைத்து, வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். விதையில் நச்சு உண்டு.

ஆனால் நமக்குக் காய்த்துத் தள்ளும் அதே தையில் ஊருக்கெல்லாம் காய்த்துச் சந்தையில் விலை விழுந்துவிடும். அக்கம்பக்கத்தில் கொடுத்தாலும் "எங்க வீட்லயும் இருக்கே" என்கிறார்கள்.

அலுவலகத்தில் கூட வேலை பார்க்கும் தம்பி ஒருவன் மாடியில் இதைப் போடலாமா என்று கேட்டுக்கொண்டிருக்கிறான். இவ்வளவு புகழ்ந்த வாயால் சொல்கிறேன், வேண்டாம்ப்பா. மாடிக்குச் செடி அவரை போதும். அது பகல் பொழுதெல்லாம் பார்க்காது, பந்தலும் கேட்காது. ருசி ஒரு படி கம்மிதான், நிம்மதி அதிகம். இல்லை, இதுதான் வேண்டும் என்று அடம்பிடித்தால் சாம்பல் கலந்து வைத்திருக்கும் விதையில் ஒரு பிடி தருகிறேன். ஆடியில் ஊன்று. கார்த்திகையில் அசுவினி என்று போட்டோ மட்டும் அனுப்பாதே, நான் என் கொடியில் தண்ணீர் அடித்துக்கொண்டிருப்பேன்.