42 சைஸ் எத்தனை? பழைய விற்பனையைப் பங்கு பிரிக்கும் கணக்குகள்

சென்னை பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் தீபாவளிக்குக் கடைக்குச் சரக்கு எடுக்கும்போது மொத்தம் எத்தனை சட்டை போகும் என்பதை ஓரளவு சொல்லிவிடலாம். அதில் 38 எத்தனை, 42 எத்தனை என்பதில்தான் பணம் முடங்கும். பழைய விற்பனையில் எந்த சைஸ் எவ்வளவு பங்கு என்று பார்த்துப் பிரிப்போம். அந்தப் பங்கை எடுக்க இரண்டு வழி உண்டு, இரண்டுக்கும் விடை வேறு.

ஒரு வழி, மாதாமாதம் சதவீதம் போட்டு அவற்றின் சராசரியை எடுப்பது. இன்னொன்று, எல்லா மாதத்து 42-ஐயும் கூட்டி, விற்ற மொத்தச் சட்டையால் வகுப்பது.

உதாரணத்துக்கு, தீபாவளி மாதத்தில் 1,000 சட்டை போய், அதில் 42 மட்டும் 300. மந்தமான ஒரு மாதத்தில் 100 போய், 42 வெறும் 10. முதல் வழியில் 30-க்கும் 10-க்கும் சராசரி 20 சதவீதம். இரண்டாவதில் 1,100-க்கு 310, அதாவது 28 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல். அடுத்து 500 சட்டை எடுத்தால் முதல் கணக்குக்கு 100, இரண்டாவதுக்கு 141. கிட்டத்தட்ட நாற்பது சட்டை வித்தியாசம்!

தீபாவளிச் சரக்குக்கு நான் இரண்டாவதைத்தான் எடுப்பேன். நூறு சட்டை விற்ற மாதத்தில் நாலு பேர் கூடக்குறைய வந்தாலே சதவீதம் ஆடிவிடும். ஆயிரம் விற்ற மாதத்தோடு அதைச் சரிசமமாக உட்கார வைப்பது நியாயமில்லை. ஆனால் மந்த மாதத்துக்குச் சரக்கு எடுக்கும்போது இதே கணக்கு காலை வாரும். அப்போது பண்டிகை மாதங்களைத் தள்ளிவிட்டு, மற்ற மாதங்களை மட்டும் கூட்டி வகுக்க வேண்டும். சைஸ் வாரியாகத் தனித்தனியே கணிக்கும் மூன்றாவது வழியும் உண்டு. சின்னக் கடைக்கு அது ஒத்துவராது, எண்ணிக்கை அவ்வளவு குறைவு.

வருஷ விற்பனையை மாதங்களுக்குப் பிரிக்கும்போது வேறொரு சிக்கல். தீபாவளி 2023-ல் நவம்பர் 12, 2024-ல் அக்டோபர் 31, 2025-ல் அக்டோபர் 20. போன வருஷ அக்டோபரின் பங்கை அப்படியே 2026-க்குப் போட்டால் தப்பு, ஏனென்றால் இந்த முறை நவம்பர் 8. அதற்கு 2023-தான் பக்கத்தில் வருகிறது. அதைவிட, தீபாவளியிலிருந்து பின்னோக்கி வாரம் வாரமாக எண்ணிப் பங்கு எடுப்பது நல்லது. தேதி எங்கே போனாலும் கணக்கு கூடவே நகரும். 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயலில் ஊரே தண்ணீரில் கிடந்த நாட்களை எந்தச் சராசரியிலும் சேர்க்கக் கூடாது.

அப்புறம், பில்லில் இருப்பது விற்றது மட்டும்தான். பண்டிகைக்கு மூன்று நாள் முன்னாலேயே 42 தீர்ந்துபோனால், அதற்குப் பிறகு கேட்டு வந்தவர்கள் எந்தப் பில்லிலும் இல்லை. அடுத்த வருஷமும் 42 குறைச்சலாக வரும், மறுபடி தீரும். அதற்காகக் கல்லாப்பெட்டி பக்கத்தில் ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்திருக்கிறோம். "அண்ணே, இதுல 42 இருக்கா?" என்று கேட்டு, இல்லையென்று போனால் ஒரு கோடு. சரக்கு எடுக்கும்போது அந்தக் கோடுகளையும் விற்றதோடு சேர்த்துத்தான் பங்கு போடுகிறோம்.