கல்லடியில் ஓலையும் சிரட்டையும்: ஒரு அரைநாள் வகுப்பு

போன சனிக்கிழமை மகளையும் கூட்டிக்கொண்டு ஒரு கைவினை வகுப்புக்குப் போனேன். மட்டக்களப்பில் கல்லடிப் பாலத்துக்கு அங்கால், கடற்கரைக்குப் போகும் வழியில் ஒரு அக்கா தன் வீட்டு விறாந்தையிலேயே நடத்துகிறார். ஆளுக்கு 1,500 ரூபாய், ஓலை, சிரட்டை, நூல் எல்லாம் அதற்குள் அடக்கம், நடுவில் பிளேன்டீயும் பனங்கட்டியும் வந்தது. பன்னிரண்டரைக்கு முடியும் என்றார்கள், நாங்கள் வெளிக்கிடும்போது இரண்டு மணி தாண்டிவிட்டது, பசியோடு வரும் பிள்ளைகளுக்கு அது கஷ்டம்.

முதல் ஒரு மணித்தியாலம் கடற்கரையில் பொறுக்குவதுதான். சவுக்கங்காய், ஊரி, சோகி, கரையொதுங்கிய கட்டை என்று கண்டதையெல்லாம் மகள் அள்ளினாள். ஒரு ஊரிக்குள்ளிருந்து சின்ன நண்டு காலை நீட்டியதும் அக்கா அதை வாங்கி, எடுத்த இடத்திலேயே விடச் சொன்னார். உயிருள்ளதையோ பவளப்பாறைத் துண்டையோ அவர் தொடவே விடுவதில்லை, அது எனக்கு மிகவும் பிடித்தது. கோர்ப்பதற்குக் குன்றிமணியும் தருவதில்லை, பிள்ளைகள் மென்றால் உயிருக்கே ஆபத்து என்று ஆனைக்குன்றிமணிதான் வைத்திருக்கிறார்.

கட்டையில் அன்றைக்கே எதுவும் செய்ய முடியாது. நல்ல தண்ணீரில் பல நாள் ஊறவைத்து, தண்ணீரை மாற்றி மாற்றி உப்பை எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் காய்ந்த பிறகு உப்பு பூக்கும், வார்னிஷும் சரியாக ஒட்டாது. முன்பு ஒரு கடையில் ஆசையாக வாங்கிய மர விளக்கு இரண்டு மாதத்தில் ஏன் வெள்ளை பூத்தது என்று அப்போதுதான் விளங்கியது.

அப்புறம் பனங்குருத்தோலை. ஈர்க்கை எடுத்து, ஒரே அகலத்தில் வார்ந்து, தண்ணீர் தெளித்துப் பதப்படுத்திய பிறகுதான் இழைக்கவே தொடங்கலாம். காய்ந்த ஓலையை நான் மடித்ததும் முறிந்துவிட்டது. "அவசரப்படாத புள்ள, ஓல நனையட்டும், மறுகா இழைக்கலாம்" என்றார். நான்கு மணித்தியாலத்தில் பாதிக்கு மேல் இந்த ஆயத்தத்துக்கே போனது, ஆனால் கற்றுக்கொள்ள வேண்டியதே அதுதான் என்று இப்போது நினைக்கிறேன். சிரட்டையும் அப்படியே: தும்பை உடைந்த கண்ணாடியால் சுரண்டி, சாண்ட்பேப்பரைக் கரடிலிருந்து நைசுக்கு மாற்றிக்கொண்டே போய், கடைசியில் தேங்காயெண்ணெய் தேய்த்தால் அந்தக் கறுப்பு மினுங்குகிறது பாருங்கள், பூச்சே வேண்டாம்!

விற்பனைக்கு வைத்திருந்ததில் ஓலைப் பெட்டிகளும் சிரட்டை அகப்பையும் தாராளமாக வாங்கலாம். தங்கநிறப் பெயின்ற் அடித்த ஊரிப் பூக்களை நான் வாங்கமாட்டேன், இயற்கையான வரிகள் எல்லாம் மறைந்து கிடக்கின்றன. எட்டுப் பேருக்கு ஒரே ஆள் சொல்லிக்கொடுப்பதும் போதவில்லை.

போகிறவர்கள் மார்கழி மழைக்குப் போகாதீர்கள், ஓலை காயாது, பூஞ்சணமும் பிடிக்கும். எங்கள் கட்டை இப்போதும் கிணற்றடி வாளியில் ஊறுகிறது, மகள்தான் தண்ணீர் மாற்றுகிறாள். அதைக் கொண்டு அடுத்த மாதம் திரும்பவும் போகிறோம்.