14416-ஆ, தெருக் குழுவா?

பெங்களூரு அல்சூரிலோ ஸ்ரீராமபுரத்திலோ இருக்கும் ஒரு தமிழ்க் குடும்பம், மனம் ஒடிந்துபோகும் முன்பே அதைக் கவனித்துக்கொள்ள இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, 14416 என்ற டெலி மானஸ் எண்; மனநல ஆலோசனைக்கான அரசுத் தொலைபேசிச் சேவை அது. இன்னொன்று, குடியிருப்பிலேயே வாராவாரம் கூடும் ஒரு சின்னக் குழு.

டெலி மானஸ் 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கியது. அதற்கு வழிகாட்டுவது நம் ஊர் மனநல மருத்துவமனையான நிம்ஹான்ஸ்தான். காசு கிடையாது, 24 மணி நேரமும் அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். பரீட்சை பயத்தில் தூங்காத பிள்ளைக்கும், இரவு ஷிப்ட் முடித்து வரும் இளைஞனுக்கும் இதுதான் தோது. தற்கொலை எண்ணம் வந்தால் யோசிக்கவே வேண்டாம், உடனே போன்தான்.

ஆனால் போனை நாம்தான் எடுக்க வேண்டும். மகனோடு இருக்க ஊரிலிருந்து வந்து, கன்னடம் தெரியாமல் மூன்றாவது மாடியில் அடைந்து கிடக்கும் பாட்டி, "மனசு சரியில்லை" என்று யாருக்கும் போன் செய்ய மாட்டார். "முட்டி வலி, தூக்கம் வரலை" என்பார். அவருக்குக் குழுதான். பூ கட்டிக்கொண்டோ, பிள்ளைகளுக்குக் கதை சொல்லிக்கொண்டோ உட்கார்ந்தால் போதும். ஆலோசனை என்ற பெயரே வேண்டாம். இரண்டு வாரம் வராவிட்டால் யாராவது கதவைத் தட்டுவார்கள். எந்த எண்ணும் அதைச் செய்யாது.

குழுவின் பெரிய ஓட்டை வம்பு. குடிக்கும் கணவனைப் பற்றி அங்கே வாய்திறந்தால் மறுநாள் தெருவுக்கே தெரிந்துவிடும். அதற்குப் போன்தான் நல்லது.

சரி, எதில் இறங்குவது? எண் ஏற்கெனவே இருக்கிறது. குழுவைத்தான் நாம் கூட்ட வேண்டும். முதல் கூட்டத்திலேயே 14416-ஐ எல்லோர் போனிலும் பதிந்து கொடுத்துவிடுங்கள்.