முதல் வலையமைப்பு இயக்கி: 8139 அட்டையா, ஈ1000 அட்டையா?

திருகோணமலை வளாகத்தில் கணினி பயின்றபடி சொந்தமாக ஒரு கேர்னல் (இயக்கமுறைமையின் மையக்கரு) எழுதத் துணியும் மாணவர், அதில் வலையமைப்பு அட்டையை இயக்கும் நிரலான இயக்கியை எழுதிப் பார்க்க அட்டை எதுவும் வாங்க வேண்டியதில்லை. ரியல்ரெக் 8139, இன்ரெல் ஈ1000 ஆகிய இரு அட்டைகளையும், ஒரு முழுக் கணினியையே மென்பொருளில் உருவகிக்கும் கியூஎமு (QEMU) தருகிறது.

8139 இல் வரும் பொதிகள் (வலையமைப்பில் செல்லும் தரவுத் துண்டுகள்) ஒரே தொடர்ச்சியான நினைவகப் பகுதியில் அடுத்தடுத்து விழுகின்றன; ஒவ்வொன்றின் முன்னும் நிலையையும் நீளத்தையும் கூறும் 4 பைட் தலைப்பு உண்டு. அனுப்புவதற்கு 4 இடங்களே உள்ளன. எளிமைதான், ஆனால் எதுவரை வாசித்தோம் என்று அட்டைக்கு அறிவிக்கும் பதிவகத்தில் (அட்டையிலுள்ள சிறு நினைவிடத்தில்) உண்மையான இடத்திலிருந்து 16 ஐக் கழித்தே எழுத வேண்டும் என்ற விசித்திரத்தைத் தவறவிட்டால், பொதிகள் தீர்ந்த பின்னும் இன்னும் இருப்பதாகவே அட்டை சொல்லிக்கொண்டிருக்கும். வாசித்த பொதியை வேறிடத்துக்குப் பிரதி எடுப்பதும் தவிர்க்க முடியாதது.

ஈ1000 இல், பொதியை எங்கே வைப்பது என்று கூறும் 16 பைட் விவரிப்பிகளாலான வளையம் ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு விவரிப்பியும் தனித்தனி இடையகத்தை (பொதியைத் தற்காலிகமாக வைக்கும் நினைவகப் பகுதியை) சுட்டுவதால், நிரம்பிய இடையகத்தைப் பிரதி எடுக்காமலே கேர்னலில் பொதியைக் கையாளும் மேலடுக்குக்குக் கொடுத்துவிடலாம். வளையத்தின் தலையை (அட்டை அடுத்து நிரப்பும் இடத்தை) அட்டையும் வாலை (இயக்கி தந்த இடங்களின் முடிவை) இயக்கியும் நகர்த்துகின்றன; இரண்டும் ஒன்றானால் அட்டைக்கு நிரப்ப இடமில்லை என்று பொருள். தொடக்க வேலை அதிகம். எனினும் இன்றைய வேகமான அட்டைகள் பெரும்பாலும் இவ்வமைப்பையே பின்பற்றுவதால், அவசரமில்லாதவர் ஈ1000 இல் தொடங்குவதே நல்லது.