முப்பது வயதைக் கடந்த கட்டடத்துக்கு ஒரு பரிசோதனை

கடற்காற்று நேராக அடிக்கும் பெசன்ட் நகரில், 1991இல் கட்டப்பட்ட எங்கள் அடுக்ககத்தின் உறுதியைச் சோதிக்க ஒரு தனியார் பொறியியல் நிறுவனத்தை அமர்த்தினோம். வந்தவர்கள் சுத்தியலால் தட்டிப் பார்ப்பதோடு நிற்காமல், கார் நிறுத்துமிடத் தூண் ஒன்றில் சிறிதளவு கான்கிரீட்டைப் பெயர்த்து, அந்த இடத்தில், காரத்தன்மை இருந்தால் இளஞ்சிவப்பாகும் பினாப்தலீன் என்ற வேதிப்பொருளின் கரைசலைத் தெளித்தார்கள். உட்புறம் இளஞ்சிவப்பாக மாற, வெளிப்புறத்தில் ஏறத்தாழ மூன்று சென்டிமீட்டர் ஆழத்துக்கு நிறமே மாறவில்லை. அந்த அளவுக்கு, உள்ளிருக்கும் இரும்புக் கம்பியைத் துருவிலிருந்து காக்கும் காரத்தன்மை போய்விட்டதென்றும், இனி கம்பி துருவேறினால் பருத்துக் கான்கிரீட்டைப் பிளக்கும் என்றும் விளக்கியபோதுதான், வெள்ளையடித்தே விரிசலை மறைத்து வந்த எங்கள் சங்கத்தின் சாமர்த்தியம் விளங்கியது. பத்தாண்டுப் பராமரிப்புத் திட்டத்தில் தூண்களை முதலிலும் வண்ணப்பூச்சைக் கடைசியிலும் வைத்தது நல்ல முடிவு. ஆனால் அறிக்கை மூன்று வாரம் தாமதமாக வந்தது. கழிவுநீர்க் குழாய்களை அவர்கள் தொடவே இல்லை. கட்டணம் வீட்டுக்கு 2,500 ரூபாய்.