பழவேற்காட்டு ஏரியில் பூநாரையைப் படமெடுக்க எந்தக் கேமரா: நிக்கான் பி1000? சோனி ஆர்எக்ஸ்10 மார்க் 4?

காகிதத்தில் நிக்கான்தான் ராஜா: ஜூம் 3000 மி.மீ. வரை எட்டும் (எண் ஏற ஏறத் தூரத்துப் பறவை பெரிதாகத் தெரியும்). சோனி 600-லேயே நின்றுவிடும். ஆனால் ஆந்திர எல்லையை ஒட்டிய ஏரியில் வெயில் ஏறியதும் தண்ணீர்மேல் கானல் நெளியும். 3000-இல் பூநாரையின் கழுத்து அலையலையாகத்தான் பதியும். ட்ரைபாட் போட்டாலும் தீராது. பக்கத்தில் போகவேண்டும், இல்லையேல் விடியலிலேயே எடுக்கவேண்டும்.

விடியலில் இன்னொரு சிக்கல். முழு ஜூமில் லென்ஸ் திறப்பு நிக்கானில் எஃப்/8, சோனியில் எஃப்/4 (எண் சிறிதானால் வெளிச்சம் அதிகம் நுழையும்). இரண்டு ஸ்டாப், அதாவது நான்கு மடங்கு வெளிச்ச வித்தியாசம். பறக்கும் பறவைக்கு ஷட்டர் வேகம் 1/1000 விநாடி வைத்தால், சோனி ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்; ஏறினால் படத்தின் தரம் குறையும்) 400 கேட்கும் வெளிச்சத்தில் நிக்கான் 1600 கேட்கும். அதன் சென்சாரோ (படம் பதியும் சில்லு) சிறியது, 1/2.3 அங்குலம், இறகெல்லாம் மெழுகிவிட்டதுபோல் ஆகிவிடும். சோனியின் 1 அங்குலச் சென்சார் படம் வெட்டிப் பெரிதாக்கினாலும் தாங்கும். படகில் போகிறவர்களுக்குச் சோனிதான். 1,415 கிராம் நிக்கானை ஆடும் படகில் பிடித்து, முழு ஜூமில் தெரியும் குறுகிய காட்சிச் சட்டத்துக்குள் பறவையைத் தேடுவதே பெரும்பாடு.

நிலாவுக்கும், கரையில் அசையாமல் நிற்கும் கொக்குக்கும் நிக்கான்.